கூதிர்காலப் பண்டிகைகளில் நோயாளிக்கும் ஒரு பங்கு

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இரு திங்களை நம் முன்னோர் கூதிர்காலம் என்று வகுத்தனர். வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம் இது. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்தப் பருவத்தில்தான் கிடைக்கிறது. பகல் குறுகுகிறது, ஈரம் நிலைக்கிறது, வெளியே சென்றுவரும் வாய்ப்பு குறைகிறது. இதே காலத்தையொட்டித்தான் பண்டிகைகளும் வரிசையாக வருகின்றன. முதலில் நவராத்திரி, பின் தீபாவளி, அதன்பின் திருக்கார்த்திகை, மார்கழியில் கிறிஸ்துமஸ். இவை ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒரு பலகாரமும் ஏதேனும் ஒரு கைவேலையும் உண்டு.

இந்த நாள்களில் எங்களிடம் வரும் குடும்பத்தினர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “வீட்டில் நோயாளி இருக்கும்போது பண்டிகை கொண்டாடலாமா?” அதற்கான விடையையே இக்கட்டுரையில் விரித்துக் கூற விழைகிறோம்.

நிறுத்துவதும் விலக்குவதும்

நோயாளி உள்ள வீடுகளில் பண்டிகை பெரும்பாலும் இரண்டு வகையில் கழிகிறது. சில வீடுகளில் அது அடியோடு நிறுத்தப்படுகிறது. வேறு சில வீடுகளில் கூடத்தில் பண்டிகை நடக்க, நோயாளி உள்ளறையில் படுத்திருக்கிறார். இரண்டும் அன்பினாலும் அக்கறையினாலும் செய்யப்படுபவையே. ஆயினும் இரண்டும் நோயாளியின் மனத்தில் ஒரே சுமையை ஏற்றுகின்றன.

டயாலிசிஸ் சிகிச்சைக்கு வரும் முதியவர் ஒருவர் ஒரு தீபாவளிக்குப் பின் எங்களிடம், “என்னால்தான் பேரப்பிள்ளைகளுக்குப் பண்டிகை இல்லாமல் போயிற்று” என்று கூறி வருந்தினார். தந்தை உண்ணக் கூடாத பண்டங்களை அவர் கண்முன் செய்வது அவரைப் புண்படுத்தும் என்றெண்ணி மகன் அடுப்பே மூட்டவில்லை. தந்தையோ அதையே தம் குற்றமாக எடுத்துக்கொண்டார். இருவரும் ஒருவர்க்கொருவர் பரிவு காட்டினர், இருவருமே துன்புற்றனர்.

ஆகவே நாங்கள் குடும்பத்தினரிடம் கூறுவது இது. பண்டிகையை நிறுத்த வேண்டாம், சுருக்குங்கள். நோயாளிக்குப் பண்டிகையைக் காட்டுவதோடு நில்லாமல், அதில் அவருக்கு ஒரு பங்கு கொடுங்கள். அந்தப் பங்கு இரு வகைப்படும்: அவர் நாவுக்கு ஏற்ற ஒரு சிறு பலகாரம், அவர் கைக்கு ஏற்ற ஒரு சிறு வேலை.

நாவுக்கு ஏற்றது: நோய்க்குத் தக்க அளவு

எல்லா நோயாளிக்கும் பொருந்தும் பலகாரம் என ஒன்றில்லை. எனவே நோயின் தன்மையை ஒட்டிப் பிரித்துக் கூறுகிறோம்.

*நீரிழிவு உள்ளோர்:* சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ தேனோ கேடில்லை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று, மூன்றுமே இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவை. ‘சர்க்கரை சேர்க்காதது’ என விற்கப்படும் இனிப்புகளிலும் மைதாவும் நெய்யும் மிகுந்திருக்கலாம். திருக்கார்த்திகைப் பொரி பார்வைக்கு இலேசாக இருந்தாலும் விரைவில் செரித்துச் சர்க்கரையாகிவிடும். நவராத்திரிச் சுண்டலோ நார்ச்சத்தும் புரதமும் உடையது, மெதுவாகச் செரிப்பது. ஆகவே மாலைச் சிற்றுண்டிக்கு மாற்றாக அரைக் கிண்ணம் சுண்டல் நல்ல தெரிவு. இனிப்பு உண்ண விரும்பினால் வெறும் வயிற்றில் உண்ணாமல், உணவோடு சேர்த்து ஒரு சிறு துண்டு உண்டு, அவ்வேளைச் சோற்றைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம்.

விரதம் இருக்க விரும்புவோர் முன்னதாக மருத்துவரைக் கேட்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதையும் கொடுக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

*சிறுநீரக நோய் உள்ளோர்:* பயறு, தேங்காய், இளநீர், வெல்லம் ஆகியவற்றில் பொட்டாசியம் உண்டு. நோய் முற்றிய நிலையில் அது உடலில் தேங்கி இதயத் துடிப்பைப் பாதிக்கும். பயற்றை நன்கு ஊறவைத்து, மிகுந்த நீரில் வேகவைத்து, ஊறிய நீரையும் வெந்த நீரையும் கொட்டிவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். அதன்பின்னும் உணவியலாளர் கூறும் அளவே உண்ண வேண்டும். ‘உப்புக்கு மாற்று’ என விற்கப்படும் பொடிகளில் பொட்டாசியமே உப்பாக இருப்பதுண்டு. அவற்றைத் தவிர்க்க வேண்டும். பாயசமும் அன்றாட நீரளவில் சேரும் என்பதை மறக்கலாகாது.

*இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளோர்:* இனிப்பைக் கண்டு அஞ்சுவோர் முறுக்கு, மிக்சர், அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றிலுள்ள உப்பைக் கவனிப்பதில்லை. சுண்டலில் உப்பைப் பாதியாகக் குறைத்து, இறக்கியபின் எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்து, கறிவேப்பிலையும் இஞ்சியும் சற்றுக் கூடுதலாகச் சேர்த்தால் சுவை குன்றாது.

*புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர்:* வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் அன்றே சமைத்துச் சூடாக இறக்கியதை மட்டும் உண்ண வேண்டும். திறந்து வைத்த பலகாரமும், பச்சைத் தேங்காய்த் துருவல் தூவி நெடுநேரம் வைத்த சுண்டலும் வேண்டாம். வாய்ப்புண் உள்ளவருக்குக் குழைய வேகவைத்து ஆறவைத்த பாயசம் இதமாக இருக்கும். சிகிச்சையால் நாவின் சுவை மாறியிருக்கலாம். விரும்பிக் கேட்ட பண்டத்தையே ஒரு வாய் உண்டு ஒதுக்கிவிடலாம். அது சமைத்தவர்மீது குறை ஆகாது.

*பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் இடர் உள்ளோர்:* பொரி, முறுக்கு, முழுச் சுண்டல் ஆகியவை மூச்சுக்குழலில் சிக்கக்கூடியவை. நீர்த்த பாயசமும் சிலருக்கு ஆகாது. விழுங்கும் பயிற்சி அளிப்பவர் அனுமதித்த பதத்தில் மட்டும், நிமிர்ந்து அமரச் செய்து, சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும்.

நோய் முற்றி, வலிதணிப்புச் சிகிச்சையில் உள்ளோரைக் குறித்து ஒரு சொல். அந்நிலையில் முன்பு விதித்த கட்டுப்பாடுகள் பலவற்றைத் தளர்த்த இயலும். விரும்பிய இனிப்பை அவர் ஒரு வாய் சுவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட இணக்கமான விடையே கிடைக்கும்.

கைக்கு ஏற்றது: நான்கு எளிய வேலைகள்

நோயுற்றவர் நாள் முழுதும் பிறரிடம் பெறுபவராகவே இருக்கிறார். மருந்தும் உணவும் உதவியும் அவருக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவர் கையிலிருந்து வீட்டுக்கு ஒன்று போய்ச் சேரும்போது அவருடைய நிலை சிறிதேனும் மாறுகிறது. கீழ்க்காணும் வேலைகளை நாற்காலியிலோ சாய்ந்த படுக்கையிலோ இருந்தபடி செய்யலாம். 15 முதல் 20 நிமிடங்கள் செய்தபின் ஓய்வு கொடுங்கள்.

*திரி திரித்தல்:* தூய பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டையாக விரித்து, ஓரங்களை மேலே கூட்டி, நுனியை விரலால் முறுக்கினால் பூத்திரி ஆகும். விரல் நுனியில் ஒரு துளி பால் தொட்டுக்கொண்டால் முறுக்கு நிற்கும். பஞ்சை நீளமாக இழுத்து உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினால் நீளத்திரி. விரல்களுக்கு இது நல்ல பயிற்சியும் ஆகும். மூச்சிரைப்பு உள்ளவர் பஞ்சுத் தூசு படும் இவ்வேலையைத் தவிர்ப்பது நலம்.

*அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டல்:* புதிய அகல்களைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்து உலர்த்தினால் அவை எண்ணெயை மிகுதியாக உறிஞ்சா. உலர்ந்தபின் வெளிப்புறத்தில் மட்டும் நீர் வண்ணத்தால் புள்ளிகளும் கோடுகளும் இடலாம். எண்ணெய் ஊற்றும் உட்புறத்திலும் திரி வைக்கும் முனையிலும் வண்ணம் வேண்டாம். ஒரு கை தளர்ந்தவர் அந்தக் கையால் அகலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தீட்டலாம். தளர்ந்த கையும் வேலையில் சேரும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஈரக் களிமண்ணைத் தொடலாகாது. சூளையில் சுட்ட அகலைக்கூட அவர்களுக்காக மற்றவர் கழுவி உலர்த்திக் கொடுக்க வேண்டும்.

*தாளில் கோலம்:* குனிந்து வாசலில் கோலமிட இயலாதோர் பலருக்கு அது பெருங்குறையாக இருக்கிறது. கட்டமிட்ட தாளில் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றிக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். அவர் வரைந்த கோலத்தைப் பார்த்து மகளோ மருமகளோ வாசலில் இடட்டும். கை நடுக்கம் உள்ளவருக்குப் பெரிய தாளும் தடித்த பேனாவும் கொடுக்கலாம்.

*காகித நட்சத்திரம்:* ஏ4 அளவுள்ள வண்ணத் தாள்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அகலவாக்கில், கட்டைவிரல் அகலத்திற்கு, விசிறிபோல முன்னும் பின்னுமாக மடிக்கவும். நடுவில் நூலால் இறுகக் கட்டி, இரு முனைகளையும் சாய்வாக வெட்டவும். பிறகு இரண்டையும் விரித்து, ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்டினால் கூர்முனைகள் சூழ்ந்த வட்ட நட்சத்திரம் உருவாகும். கிறிஸ்துமஸ் காலத்தில் சன்னலில் தொங்கவிடலாம். கொலுப்படியின் பின்புறத்திலும் அணிசெய்யலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போரும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்தோரும் கத்தரிக்கோலைத் தொடாமல் மடிப்பு வேலையை மட்டும் செய்யட்டும்.

கொலு வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் ஒன்பது படி வேண்டுமென்பதில்லை. அட்டைப் பெட்டிகளை அடுக்கித் துணி விரித்த மூன்று படி போதும். எந்தப் பொம்மை எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதை நோயாளி கூறட்டும். பிள்ளைகள் எடுத்து வைக்கட்டும். எழுந்து நிற்க இயலாதவரும் அந்தக் கொலுவை வைத்தவர் ஆவார்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

• ஆக்சிஜன் பயன்படுத்துவோர் இருக்கும் அறையில் விளக்கு, ஊதுவத்தி, சூடம் எதையும் ஏற்றலாகாது. மின்கல விளக்கு வைக்கலாம். உட்சிகிச்சைப் பிரிவுகளிலும் இதுவே விதி.

• சாராயம் கலந்த கைத்தூய்மி பூசிய கையோடு விளக்கேற்ற வேண்டாம். சோப்பு நீரால் கழுவித் துடைத்தபின் ஏற்றுங்கள்.

• நீரிழிவால் பாத உணர்வு குன்றியோருக்குச் சுட்டாலும் தெரியாது. திருக்கார்த்திகை அன்று தரையில் விளக்கு வரிசை உள்ள இடத்தில் அவர்கள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். கொதிக்கும் பாகில் பொரி உருண்டை பிடிப்பதும் அவர்களுக்கு ஏற்றதன்று.

• தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளாகத் தீபாவளியன்று பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் நேரம் ஒதுக்கப்பட்டு வருகிறது. ஆஸ்துமாவும் நுரையீரல் நோயும் உள்ளோர் அந்நேரங்களிலும் அதன் பின்னரும் புகை அடங்கும்வரை சன்னல்களை மூடி உள்ளே இருக்க வேண்டும். உறிஞ்சு மருந்தைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

• மருந்து ஏற்றும் குழாயோ ஆறாத புண்ணோ உள்ளவருக்கு எண்ணெய் முழுக்கு வேண்டாம். உச்சியில் ஒரு துளி எண்ணெய் வைத்து, கட்டு நனையாமல் வெதுவெதுப்பான நீரில் உடலைத் துடைத்துவிட்டால் மரபும் நிறைவேறும்.

• காணவரும் உறவினரில் சளியோ காய்ச்சலோ உள்ளோர் தொலைபேசியில் வாழ்த்துக் கூறட்டும்.

வேண்டாம் என்றால்

சில நாள்களில் நோயாளி, “எனக்கு எதுவும் வேண்டாம்” என்று கூறலாம். அவரை வற்புறுத்த வேண்டாம். பஞ்சையும் தட்டையும் அருகில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மறுநாள் கை தானாக நீளலாம், நீளாமலும் போகலாம். இரண்டையும் ஏற்றுக்கொள்வதே துணையிருத்தல். எனினும், பல நாள்களாக எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் உணவும் குன்றியிருந்தால் எங்களிடம் தெரிவியுங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

பராமரிப்போருக்கும் இதே அறிவுரை பொருந்தும். வீட்டில் எல்லோரும் உண்டபின் மீந்ததை உண்பவர் பெரும்பாலும் அவர்தான். பண்டிகையன்று ஒரு மணி நேரமாவது வேறொருவர் நோயாளியின் அருகில் அமரட்டும். பராமரிப்பவர் சூடான பலகாரத்தை அமர்ந்து உண்ணட்டும்.

முன்னர்க் குறிப்பிட்ட முதியவர், அத்தீபாவளியை அடுத்து வந்த திருக்கார்த்திகைக்கு, டயாலிசிஸ் இல்லாத இரு நாள்களில் அமர்ந்து திரி திரித்தார். அவர் வீட்டில் அப்பமும் பொரியும் செய்தனர்; அவர் உணவியலாளர் கூறிய அளவுக்கு ஒரு சிறு துண்டு அப்பம் மட்டும் உண்டார். அடுத்த முறை சிகிச்சைக்கு வந்தபோது பண்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. வாசலில் இருபத்தேழு விளக்குகள் எரிந்தன என்றும், அத்தனையும் தாம் திரித்த திரி என்றும், மழைத் தூறலிலும் ஒன்றுகூட அணையவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்தப் பலகாரம் எந்த அளவில் பொருந்தும் என்பதை, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பாகவே உங்கள் மருத்துவரிடமோ உணவியலாளரிடமோ கேட்டறியுங்கள்.