இன்றைய பாடு



நம் கரையில் ஒருவரையொருவர் கண்டதும் முதலில் கேட்பது, "இன்றைக்குப் பாடு எப்படி?" என்பதே. நேற்றைய பாட்டை யாரும் கேட்பதில்லை. அது நேற்றே விலைபோயிற்று, அல்லது கருவாட்டுக்குப் போயிற்று. நாளைய பாட்டைச் சொல்ல எந்தச் சம்மாட்டியாலும் ஆகாது. ஆகையால் சர்வேசுரன் நமக்கு நாட்களை ஒவ்வொன்றாகத்தான் தருகிறார் என்பதை ஞானோபதேசப் புத்தகத்தைத் திறக்காமலே அறிந்திருக்க வேண்டிய சனங்கள் நாம்.

அறிந்திருக்கிறோமா? நாம் தினமும் சொல்லும் பரலோக மந்திரத்தைச் சற்றுக் கவனியுங்கள். வருஷத்துக்கு வேண்டிய உணவை மொத்தமாகக் கேளுங்கள் என்று நமதாண்டவர் கற்பிக்கவில்லை. இன்றைக்கு உரியதை இன்று கேட்கச் சொன்னார். வனாந்தரத்தில் இஸ்ராயேல் சனங்களுக்கு மன்னா பொழிந்தபோதும் அன்றன்றைக்கு வேண்டிய அளவே சேர்க்கக் கட்டளையாயிற்று. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மாத்திரம் இரட்டிப்பாக எடுக்க உத்தரவு உண்டு. மற்ற நாட்களில் நம்பிக்கையற்று மறுநாளுக்கு மிச்சம் வைத்தவர்களின் பாத்திரத்தில் புழு நெளிந்தது.

இதைக் கேட்டுவிட்டுச் சேமிப்பே தவறு என்று யாரும் எண்ண வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வருமென்று முன்கூட்டியே நாலு காசு ஒதுக்கும் வீட்டம்மாள் புத்திசாலி. அவளை நான் மெச்சுகிறேன். நாளைய தினம் என் கையில் இருக்கிறது என்ற நினைப்பைத்தான் வேதம் கண்டிக்கிறது. அந்த நினைப்பு மனதில் குடியேறிவிட்டால், இன்றைய தினம் ஓர் ஈவாகத் தோன்றாது. வட்டிக்காரனிடமிருந்து வரவேண்டிய பாக்கியைப்போல் தோன்றும்.

இங்கே ஒரு கேள்வி எழும்பும். ஒவ்வொரு நாளும் தேவ ஈவு என்றால், மறுநாளைக் காணாமல் போனவர்கள் அந்த ஈவுக்குத் தகுதியற்றவர்களா?

இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு இது சும்மா கேட்கும் கேள்வியல்ல. 1964-ம் வருஷம் டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மூன்றே நாள் இருந்தது. தலைமன்னாருக்குக் கப்பலேற வருகிறவர்களும் அங்கிருந்து வந்து இறங்குகிறவர்களுமாகச் சந்தடி மிகுந்த ஊராயிருந்தது தனுஷ்கோடி. அன்றிரவு நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் போய்ச் சேரவேயில்லை. புயலோடு எழும்பிய கடல் அதை அதிலிருந்தவர்களோடு கொண்டுபோயிற்று, ஊரையும் கொண்டுபோயிற்று. பவளக்கல்லால் கட்டிய கோவிலின் சுவர்கள் இன்றும் கூரையில்லாமல் மணலில் நிற்கின்றன. அந்த ரயிலில் இருந்தவர்களில் யாருக்குத்தான் மறுநாள் காலையில் செய்யவேண்டிய வேலை ஒன்று இல்லாதிருந்திருக்கும்?

மாண்டவர்களின் பாவமே காரணம் என்று பேசுகிறவர்கள் எப்போதும் உண்டு. கிறிஸ்தவன் அப்படிப் பேசலாகாது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமையன்று வேளாங்கண்ணிக் கரையில் அலை கொண்டுபோனவர்களில் மாதாவைத் தேடி வந்த யாத்திரிகர்கள் எத்தனையோ பேர். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்ட செய்தியை நமதாண்டவரே எடுத்துப் பேசுகிறார். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று தீர்த்துச் சொல்கிறார். அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. உடனே கனியற்ற அத்திமரத்தின் உவமைக்குப் போகிறார். வெட்டிவிடு என்கிறார் எசமான். தோட்டக்காரனோ, இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று தவணை கேட்கிறான். மாண்டவர்களின் கணக்கைச் சர்வேசுரன் பார்த்துக்கொள்வார். உயிரோடிருக்கிற நமக்குத் தவணை கிடைத்திருக்கிறது. அதை என்ன செய்கிறோம் என்பதே நம் கணக்கு.

தவணை பெற்ற ஒருவரை நம் மறவ நாடு நன்றாக அறியும். அர்ச். அருளானந்தர் 1686-ம் வருஷம் பிடிபட்டு, வாதிக்கப்பட்டு, மரண தீர்ப்பும் பெற்றவர். சேதுபதி அவரை விடுவித்து, இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்று அனுப்பிவிட்டார். 1687-ல் தாம் பிறந்த லிஸ்பன் நகரம் போய்ச் சேர்ந்தார். சிறுவயதில் அரண்மனையில் அவரோடு வளர்ந்த பேதுரு அரசர் அங்கேயே இருந்துவிடும்படி விரும்பினார். தப்பிப் பிழைத்த உயிரைப் பத்திரமாக வைத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் ஏது? ஆனால் தவணையை அவர் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. 1690-ல் இந்தியாவுக்குத் திரும்பினார்; மறுபடி மறவ நாட்டுக்கே வந்தார். 1693-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி ஓரியூரில் காவலிலிருந்தபடி தம் உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். சாவு அடுத்திருக்கிறதென்று தெரிந்தே எழுதிய கடிதம். ஆனாலும் புலம்பல் கடிதமல்ல. மறுநாள், விபூதிப் புதன்கிழமை, தலை வெட்டப்பட்டார். 46 வயது நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. ஓரியூர் செம்மணலை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளும் நாம், அவருக்குக் கடைசியாகக் கிடைத்த அந்த ஆறேழு வருஷத்தையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

"சாமி, என் மகன் இலங்கைச் சிறையில் இருக்கிறான். விடிகிற நாளை எப்படி நான் ஈவு என்று சொல்வேன்?" என்று ஒரு தாய் கேட்டால் என்ன பதில்? தீமைக்காக நன்றி சொல்லும்படி திருச்சபை யாரையும் கேட்கிறதில்லை. அந்தத் தாய் அழலாம், சர்வேசுரனிடம் முறையிடலாம், சங்கீதங்களில் பாதி முறையீடுதானே. வலையில் படுவதைப் பாடு என்கிறோம். நமதாண்டவர் சிலுவையில் பட்டதையும் பாடு என்கிறோம். அந்தப் பாடுகளுக்கு முந்திய இரவில், காட்டிக்கொடுப்பவன் அதே பந்தியில் இருக்கையில், அவர் அப்பத்தைக் கையில் எடுத்துப் பிதாவுக்கு நன்றி செலுத்தினார். நாம் காணும் ஒவ்வொரு பூசையும் அந்த இரவின் நன்றிதான். தாயால் தனியே சொல்லமுடியாத நன்றியைப் பீடத்தில் அவர் சொல்லுகிறார். அவள் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தால் போதும்.

அவளுடைய அண்டை வீட்டாருக்கு மாத்திரம் கூடுதலாக ஒன்று. அந்த வீட்டுக்கு அன்றைய தினம் வரவேண்டிய ஈவு உங்கள் அடுப்பில் வெந்துகொண்டிருக்கலாம். ஒரு கிண்ணம் குழம்பை எடுத்துக்கொண்டு போங்கள். புத்திமதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இந்த வாரத்துக்குச் சில காரியங்கள். கண் விழித்ததும் செல்போனைத் தொடுமுன் சிலுவை அடையாளம் வரைந்து, இந்த நாளைச் சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுங்கள்; பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். இரவு செபமாலை முடிந்தபின் அன்று கிடைத்த நன்மை ஒன்றை வீட்டில் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லட்டும். பாடு இல்லாத நாளிலும் சொல்லட்டும், முதலில் கூச்சமாயிருக்கும். அண்ணன் தம்பிக்குள் படகுப் பங்கு, வலைக் கணக்கு என்று பேச்சு முறிந்திருந்தால், அந்த மனஸ்தாபத்தோடு யாரும் படகேற வேண்டாம். பாவசங்கீர்த்தனம் வழக்கம்போல் சனிக்கிழமை மாலை. அன்று கடலுக்குப் போகிறவர்கள் போவதற்கு முன் எந்த நேரமானாலும் பங்கு வீட்டுக் கதவைத் தட்டலாம்.