மில்லிங் மெஷினை சி.என்.சி. ஆக்க என்னென்ன வாங்க வேண்டும்?

கையால் சுற்றி இயக்கும் சிறிய மில்லிங் மெஷினை வீட்டிலேயே கம்ப்யூட்டர் மூலம் இயங்கும்படி மாற்றலாம். மேஜை மேல் வைக்கும் எக்ஸ்2 ரக மெஷின்களைப் பலர் இப்படி மாற்றியிருக்கிறார்கள். பொதுவாக எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் தேடுவார்கள். நான் ஸ்குரூவில் தொடங்கச் சொல்வேன். பிறகு மோட்டார், டிரைவர், பவர் சப்ளை, கடைசியில் கம்ப்யூட்டர். ஒன்றை முடிவு செய்தால்தான் அடுத்ததைத் தேர்வு செய்ய முடியும்.

1. ஸ்குரூ

கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். கைப்பிடி சிறிது திரும்பிய பிறகே டேபிள் நகரும். இதுதான் பேக்லாஷ். இதை சாஃப்ட்வேரில் சரிசெய்யலாமே என்று கேட்கலாம். ஓரளவுதான் முடியும். கட்டர் டேபிளை இழுத்தால், அந்த இடைவெளிக்குள் டேபிள் தானாக நகர்ந்துவிடும். வட்டமாக வெட்ட வேண்டிய துளையில் மேடு விழும். எனவே பணத்தை முதலில் பால் ஸ்குரூவில் போடுங்கள். 1605 என்றால் 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு என்று பொருள். வாங்கும் முன் அதன் நட் டேபிளுக்கு அடியில் நுழையுமா என்று அளந்து பாருங்கள்.

பால் ஸ்குரூ எளிதாகச் சுழலும். அதனால் மின்சாரம் நின்றால் மெஷினின் தலை கீழே இறங்கிவிடலாம். இசட் அச்சுக்கு பிரேக் அல்லது எதிர் எடை அவசியம்.

2. மோட்டார்

நெமா 23 ஸ்டெப்பர் போதும். டார்க் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இண்டக்டன்ஸ் அதிகமானால் வேகம் கூடும்போது மோட்டார் வலுவிழக்கும்.

3. டிரைவர், பவர் சப்ளை

இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்குங்கள். 2.5 என்றால் சுமார் 50 வோல்ட். இது உச்ச வரம்பு. டிரைவரின் வரம்பும் 50 வோல்ட் என்றால் நான் 36 வோல்ட் சப்ளையையே சிபாரிசு செய்வேன். வேகம் குறையும்போது மோட்டாரிலிருந்து வோல்டேஜ் திரும்பி வரும். அதற்கு இடம் வேண்டும். 3 ஆம்பியர் மோட்டார்கள் மூன்று இருந்தால், மொத்தம் 9-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6 ஆம்பியர் சப்ளை போதும்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள். டிரைவர் போய்விடும்.

4. கம்ப்யூட்டர்

மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். 8 மைக்ரோ ஸ்டெப் வைத்தால் 1,600. அதை 5-ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 320 பல்ஸ். நிமிடத்துக்கு 2,000 மி.மீ. வேகம் வேண்டுமானால் விநாடிக்குச் சுமார் 10,700 பல்ஸ். ஆர்டுயினோ ஊனோ போர்டில் இயங்கும் இலவச ஜிஆர்பிஎல் 30,000 வரை தரும். மாக்3-இன் பேரலல் போர்ட் டிரைவர் 64-பிட் விண்டோஸில் இயங்காது. பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் இருந்தால் லினக்ஸ்சிஎன்சி நல்ல தேர்வு, அதுவும் இலவசம்.

இன்னும் ஒன்று பாக்கி. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிவப்பு எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் வையுங்கள். அது கட்டர் மோட்டாரின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஹேங் ஆன நேரத்தில் மவுஸைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.