பொம்மை வீட்டின் பூர்வோத்தரம்

கேள்வி: வீடு கட்டி, அதில் மனிதரைக் குடிவைத்து, அவர்களை உண்ணவும் உறங்கவும் உழைக்கவும் செய்கிற 'தி சிம்ஸ்' என்ற கணினி விளையாட்டு, முதலில் வேறு உருவில் இருந்ததென்றும் பல மாதிரிகள் கைவிடப்பட்டன என்றும் சொல்கிறார்களே, உண்மையா?
— வாசகி ஒருவர், ஹட்டன்

பதில்: உண்மைதான். மனித வாழ்க்கையின் விளையாட்டு என்று உலகமெங்கும் பெயர் பெற்றிருக்கும் அது, ஆதியில் மனிதரைப் பற்றியதாக இருக்கவில்லை. வீட்டைப் பற்றியதாகவே இருந்தது.

அதைச் சிருஷ்டித்த வில் ரைட் என்ற அமெரிக்கர், 1984இல் ஹெலிகாப்டரிலிருந்து தீவுகளின்மேல் குண்டு போடும் விளையாட்டொன்றைச் செய்தபோது, குண்டு போடுவதைக் காட்டிலும் அந்தத் தீவுகளை அமைப்பதிலேயே தமக்கு அதிக ஆனந்தம் உண்டாவதைக் கண்டு, அந்த ஆனந்தத்தையே தனி விளையாட்டாக விருத்தி செய்து, 1989இல் 'சிம்சிட்டி'யாக வெளியிட்டவர். 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைச்சரிவில் மூண்ட பெருந்தீ, 25 பேரைப் பலிகொண்டு சுமார் 3000 வீடுகளைச் சாம்பலாக்கியது. ரைட்டின் வீடும் அவற்றுள் ஒன்று. எரிந்தவற்றுக்கு ஈடாக ஒவ்வொன்றையும் மீண்டும் தேடிச் சேர்க்க நேர்ந்தபோது, இன்ன பொருள் மனிதனுக்கு எதன் பொருட்டு வேண்டியிருக்கிறது என்ற விசாரம் அவர் உள்ளத்தில் ஊன்றியது.

மலையகத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு காம்பராவில் பற்றிய நெருப்பு ஒரே கூரை வழியாக ஓடி லயம் முழுவதையும் தின்றுவிட்ட மறுநாள், இஸ்தோப்பு இருந்த இடத்தில் நின்றுகொண்டு, சட்டி பானை, கம்பளி, பிள்ளைகளின் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்று விரல் மடக்கி எண்ணுகிறவர்கள், எது இல்லாமல் இன்றிரவு கழியும், எது இல்லாமல் கழியாது என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள்.

வீடு என்பது அதில் வசிப்போரின் நித்திய கருமங்களிலிருந்து உருவாக வேண்டும் என்று வலியுறுத்தி, கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞரும் அவருடைய சகாக்களும் 1977இல் வெளியிட்ட நூலில் ஈடுபட்டிருந்த ரைட், தமது முதல் மாதிரியைக் கட்டட விளையாட்டாகவே அமைத்தார். ஆடுபவர் வீட்டைக் கட்டுவார். கட்டியது நன்றா அன்றா என்று தீர்ப்புச் சொல்வதற்கு மாத்திரம் சிறு மனிதர்கள் அதனுள் விடப்படுவார்கள். குடியிருப்பவனே வீட்டுக்குப் பிரமாணம் என்னும் இந்த எண்ணம் எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. துரைமார் காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடியாக அளந்து, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயங்களில், குடியிருந்தவர்களின் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்? தனிக் காணிகளில் தனி வீடுகளாக இப்போது எழும் குடியிருப்புகளிலாவது, அடுப்பு எங்கே, விறகு எங்கே, கிழவியின் படுக்கை எங்கே என்பதை, அங்கே வாழப்போகும் பெண்களைக் கேட்டுத் தீர்மானிப்பதே நியாயம்.

நிற்க. நீதிபதிகளாக விடப்பட்ட அந்தச் சிறு மனிதர்கள், சுவரையும் கூரையையும் விடச் சுவாரசியமானவர்களாகத் தோன்றவே, கட்டட விளையாட்டு பின்னுக்குப் போயிற்று. இன்றைய விளையாட்டில் சுவரெழுப்பும் பகுதி அதன் எச்சமே. 'பொம்மை வீடு' என்ற பெயரோடு 1993இல் சிலரிடம் இந்த யோசனையைச் சொல்லிப் பார்த்தபோது ஒருவரும் விரும்பவில்லை; ரைட்டின் மாக்சிஸ் நிறுவனத்திலும் ஆதரவு குறைவு.

அதன்பின் வந்த சோதனை விசித்திரமானது. எறும்புகளைப் பற்றி 1991இல் தாம் செய்த 'சிம்ஆன்ட்' விளையாட்டில் கண்ட உபாயத்தைப் பின்பற்றி, மனிதரின் மூளையில் வைக்க வேண்டிய புத்தியைப் பொருள்களில் வைத்தார் ரைட்: உணவு இருக்கும் குளிர்சாதனப் பெட்டி பசித்தவனை அழைக்கும், கட்டில் களைத்தவனை அழைக்கும். விளைவு என்னவென்றால், பொம்மைகள் தம் காரியங்களை ஆடுபவரை விடத் திறமையாகத் தாமே நடத்திக்கொண்டன. ஆடுபவருக்கு வேலையே இல்லாமற் போன அந்த மாதிரியை ஒதுக்கி, பொம்மைகளின் சாமர்த்தியத்தைத் திட்டமிட்டுக் குறைக்க வேண்டியதாயிற்று.

1997இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் மாக்சிஸை வாங்கியபின் உரிய ஆதரவு கிடைத்து, 2000 பிப்ரவரி 4இல் விளையாட்டு வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், கணினி விளையாட்டுகளில் அதுவரை மிகுதியாக விற்றிருந்த 'மிஸ்ட்'டை முந்திற்று.

கைவிடப்பட்டவற்றில் பேச்சும் உண்டு. உக்ரேனிய மொழியையும் பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியையும் பரீட்சித்துப் பார்த்து, இறுதியில் அவற்றை விடுத்து, ஸ்டீபன் கியரின், ஜெரி லாலர் என்ற இரு நடிகர்கள் அந்தந்த நேரத்தில் கற்பனை செய்து பேசிய அர்த்தமற்ற ஒலிகளையே அம்மனிதரின் பாஷையாக்கினார்கள். அறிந்த மொழியில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் காதுக்குச் சலித்துவிடும். இதிலோ, கோபமும் குழைவும் குரலிலேயே தெரிய, சொல்லைக் கேட்பவரே ஊகித்துக்கொள்கிறார். திரையில் எழுத்தாக வரும் கட்டளைகளுக்கு ஆங்கில அறிவு வேண்டுமாயினும், பொம்மைகள் பேசுவதைப் பொறுத்தவரை ஹட்டன் குழந்தையும் கலிபோர்னியக் குழந்தையும் சரிசமமே.