வன்வட்டில் வரப்புகள்

திருப்பாலைக்குடிப் பக்கத்து உப்பளங்களைக் கண்டோர் அறிவர்: அளம் முழுவதையும் ஒரே பரப்பாய் விடுவதில்லை, வரப்பிட்டுப் பாத்திகளாகப் பிரிக்கின்றனர். ஒரு பாத்தி கலங்கினால் அடுத்த பாத்தியின் உப்புத் தப்பும். யூனிக்சு கணிப்பொறியில் வன்வட்டைப் பிரிவுகளாக்குவதன் நோக்கமும் ஏறத்தாழ இதுவே.

1971ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிசு ரிச்சியும் யூனிக்சை வளர்த்தபோது, இயக்க முறைமை சிறியதொரு வட்டிலும் பயனாளர் கோப்புகள் மற்றொரு வட்டிலும் இருந்தன. பின்னது 'யூசர்' என்னும் கோப்பகமாக இணைக்கப்பட்டது. இடம் போதாமல் இயக்க நிரல்களும் அங்கே குடியேறின; நாளடைவில் பயனாளர்கள் 'ஹோம்' என்னும் கோப்பகத்துக்குப் பெயர்ந்தனர். வீட்டுக்காரர் போனபின்னும் பெயர்ப்பலகை நின்றுவிட்டது! வட்டுகள் எத்தனையாயினும், பயனாளர் கண்ணுக்கு எல்லாம் ஒரே மரத்தின் கிளைகளாகவே தோன்றும்.

எதைப் பிரிப்பது? வளர்வதை வளராததினின்று பிரிக்க வேண்டும் என்பது நம் கருத்து. 'வார்' கோப்பகத்தில் நிகழ்வுப் பதிவேடுகளும் அஞ்சலும் அச்சுக்குக் காத்திருக்கும் கோப்புகளும் சேர்கின்றன. ஏதோவொரு நிரல் இரவு முழுவதும் ஒரே பிழையைப் பதிந்துகொண்டிருந்தால், விடிவதற்குள் அவ்விடம் நிரம்பிவிடும். அது ரூட் என்னும் மூலப் பிரிவிலேயே இருக்குமாயின், கணிப்பொறி முழுவதும் முடங்கக்கூடும். தனிப்பிரிவாயின், தடை பெரும்பாலும் அங்கேயே நிற்கும். மின்வெட்டின்போது பெரிதும் பழுதுறுவது எழுதப்பட்டுக் கொண்டிருக்கும் பிரிவேயாதலால், மூலப் பிரிவில் எழுத்து வேலை குறைந்திருப்பது நன்று.

ஹோம் தனியே இருந்தால், இயக்க முறைமை கெட்டாலும் அதை மட்டும் மீண்டும் நிறுவலாம். மாணவரின் ஈராண்டு ஆய்வேடு தொடப்படாமலிருக்கும். ஆனால், நிறுவும்போது அப்பிரிவை அழிக்குமாறு ஆணையிட்டுவிடாத கவனம் வேண்டும். 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் விண்டோசும் ஒரே வன்வட்டின் வெவ்வேறு பிரிவுகளில் இருந்தன.

அளவுக்கு மீறி வரப்பிட்டாலும் தொல்லையே. ஒரு பிரிவு நிரம்பி வழிய, மற்றொன்று வெறுமையாய்க் கிடக்கும், கடன் கொடாது. லினக்சின் எல்விஎம் முறையில் பிரிவைப் பின்னர் விரிக்கலாம் என்பது இக்கால வசதி. இன்னொரு நுட்பமும் உண்டு: இடமிருந்தும் ஐநோடு எனப்படும் கோப்புக் குறிப்பேட்டு எண்ணிக்கை தீர்ந்தால் புதிய கோப்பு உருவாகாது. எண்ணற்ற சிறு கோப்புகள் சேரும் அஞ்சல் பிரிவில் இதைப் பார்க்க வேண்டும்.

வட்டே இயங்காது போயின், அதிலுள்ள பிரிவுகள் அனைத்தும் ஒருசேரப் போகும். இரு வட்டுகளில் ஒரே செய்தியை எழுதும் ரெய்டு முறை இதைத் தாங்கும். எனினும் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலுமே அழியும். ஆகவே ஹோம் பிரிவின் படியொன்று வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். அப்படியிலிருந்து ஒரு கோப்பையேனும் மாதந்தோறும் மீட்டுப் பார்ப்பதும் கணிப்பொறிக் கூடப் பொறுப்பாளரின் வேலையே.