உழைக்கும் மகளிர்க்கு நிலம் தந்த அம்மையார்

காவிரி நாடு

குடகு மலையிற் பிறந்து நெடுந்தொலைவு ஓடி வரும் காவிரி, தஞ்சைத் தரணியை அடைந்ததும் பல கிளைகளாகப் பிரிகின்றது. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு முதலியன அவற்றுட் சில. கரிகாற் சோழன் கட்டியதாகச் சொல்லப்பெறும் கல்லணையும், 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையும் அந்நீரைக் காத்து வழங்குகின்றன. குறுவை, சம்பா, தாளடி எனப் பருவந்தோறும் இங்கே நெல் விளையும். சோற்று வளம் மிக்க நாடு என்று முன்னோர் இதனைப் புகழ்ந்தனர்.

ஆயினும், அந்நெல்லை விளைவித்தவர் யாவரும் வயிறார உண்டனரா? உழவர் குடியிற் பிறந்த ஒரு பெண்ணின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். கோழி கூவுமுன் அவள் எழுகின்றாள். வீட்டு வேலையை முடித்து, தூக்கில் பழையது எடுத்துக்கொண்டு, பொழுது புலரும்போதே நாற்றங்காலை அடைகின்றாள். நாற்றைப் பறித்து முடிகளாகக் கட்டுகின்றாள். பின்பு முழங்கால் அளவு சேற்றில் நின்று, குனிந்தபடியே பின்னோக்கி நடந்து நடவு நடுகின்றாள். மழையும் வெயிலும் அவள் முதுகின்மீதே விழுகின்றன. மாலையிற் கூலியாகப் பெற்ற நெல்லைக் குற்றிய பின்னரே அவள் வீட்டில் அடுப்பு எரியும். அவள் நட்ட வயலில் அவளுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை.

அக்காலத்தில் நிலம் பெரும்பாலும் மிராசுதாரர் சிலரிடத்தும், கோயில்களிடத்தும், மடங்களிடத்தும் குவிந்து கிடந்தது. உழைத்தவர் பண்ணையாட்களாகவும் கூலியாட்களாகவும் இருந்தனர். அவர்களைக் காக்கும்பொருட்டு 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. சட்டங்கள் வழி காட்டின; ஆனால் அவ்வழியே ஏழையின் கையைப் பிடித்து நடத்திச் செல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அவ்வாறு நடத்திச் சென்றவருள் ஒருவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையார்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1926-ஆம் ஆண்டில், இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தைச் சார்ந்த அய்யங்கோட்டையிற் பிறந்தார். அவர் பிறந்த குடும்பம் சொந்த நிலமில்லாத ஒடுக்கப்பட்ட குடும்பம். அன்னையார் நாகம்மாள். நிறைமாதக் கருப்பிணியாக இருந்த நாளிலும் அன்னை ஓய்வின்றிப் பாடுபட்டதைச் சிறுமி தம் கண்ணாற் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. உழைப்பவருக்கு ஏன் நிலமில்லை என்னும் வினா அன்றே அங்கு முளைவிட்டது எனலாம்.

பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலம் அது. ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணுக்கோ அது எட்டாக் கனி. எனினும், மருத்துவரும் காந்திகிராமத்தை நிறுவியவருள் ஒருவருமான டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவு அவருக்குக் கிட்டியது. அதனால் மதுரையிற் கற்றுக் கல்லூரிக் கல்வியும் முடித்தார். காந்தியடிகளோடு ஒரு மேடையில் இருக்கும் பேறும் பெற்றார். சர்வோதயத் தொண்டே தமக்கேற்ற வாழ்வு என்று தெளிந்தார்.

இல்லறமும் தொண்டும்

அத்தொண்டின் வழியே அவருக்கு அறிமுகமானவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். செல்வக் குடியிற் பிறந்த அவர், காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு 1930-இல் கல்லூரிப் படிப்பைத் துறந்தவர். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்திற் கலந்து சிறை புகுந்தவர். நாடு விடுதலை பெற்ற பின்னரே மணம் புரிவது என்று இருவரும் உறுதி பூண்டிருந்தனர். அவ்வாறே 1950-இல் சாதி வேற்றுமையைக் கடந்து அவர்கள் மணந்துகொண்டனர்.

1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், தெலுங்கானாவிலுள்ள போச்சம்பள்ளி என்னும் சிற்றூரில் வினோபா பாவே பூமிதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலம் உடையவர் தம் நிலத்தில் ஒரு பகுதியை இல்லாதவர்க்கு மனமுவந்து ஈதலே அவ்வியக்கத்தின் நோக்கம். கணவர் வினோபாவுடன் வடநாட்டில் நடந்துகொண்டிருந்த காலத்தில், அம்மையார் சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்று முடித்தார்.

பயிற்சி பெற்ற ஆசிரியைக்கு ஒரு பள்ளியில் அமர்ந்து அமைதியாக வாழ்வது எளிது. அது சிறந்த பணியுமாகும். ஆயின், அம்மையார் கணவரோடு தாமும் ஊர் ஊராக நடந்தார். நிலமற்றோர் குடியிருப்புகளே அவருக்குப் பள்ளியாயின. நடவு நடும் மகளிரே மாணவியராயினர். 1953 முதல் 1967 வரை அவ்விருவரும் பூமிதான, கிராமதானப் பணிகளில் ஈடுபட்டனர்.

கீழத்தஞ்சைக்கு வருகை

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழத்தஞ்சையைச் சார்ந்த கீழ்வெண்மணி என்னும் ஊரில் நாட்டையே நடுங்கச் செய்த கொடுமை நிகழ்ந்தது. கூலி நெல்லைச் சிறிது உயர்த்தித் தருமாறு உழவுத் தொழிலாளர் வேண்டினர். அதனால் எழுந்த பூசலில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் சிறுவருமே. சில படி நெல்லுக்காக எழுந்த வேண்டுகோள் இத்தனை உயிர்களின் அழிவில் முடிந்தது.

அச்செய்தி அறிந்த அம்மையாரும் கணவரும் கீழத்தஞ்சைக்கு வந்து அங்கேயே தங்கிப் பணிபுரியத் தலைப்பட்டனர். அங்கு அவர் கண்ட உண்மை ஒன்று. கூலியாளின் பிள்ளைக்கு ஊரிற் பள்ளி இருந்தும் பயனில்லை. நடவுக் காலத்தில் தாய் வயலுக்குச் சென்றால், மூத்த மகள் கைக்குழந்தையைக் காக்க வீட்டில் நிற்பாள். அறுவடை முடிந்து ஆற்றில் மீண்டும் நீர் வரும்வரை வேலையில்லை. அக்காலத்தில் கடன் பெருகும். குடிசை நின்ற மனையும் பிறருடையதாகவே இருந்தமையால், எதிர்த்துப் பேசியவர் குடியிழக்கவும் நேரும். அம்மனைகளைக் குடியிருந்தவர்க்கே உரிமையாக்கும் சட்டம் 1971-இல் தான் இயற்றப்பெற்றது. நிலையான பிழைப்பு இல்லாத வீட்டில் ஏட்டுக் கல்வி வேரூன்றாது. ஆகவே, அக்குடும்பத்திற்கு முதலில் வேண்டுவது ஒரு துண்டு நிலம் என்று அம்மையார் துணிந்தார்.

நிலம் பெற்ற வழி

1981-இல் அம்மையாரும் கணவரும் 'லாப்டி' எனப்பெறும் உழுபவர் நிலவுரிமை இயக்கத்தை நிறுவினர். தானமாக வந்த நிலங்களுட் பல தரிசாகவும், சில வழக்கிற் சிக்கியனவாகவும் இருந்ததை முன்பே கண்டவர் அவர். ஆதலால் இம்முறை வேறு வழியை மேற்கொண்டார்.

அவ்வழி பின்வருமாறு: நிலத்தை விற்க விரும்பும் உடைமையாளரையும் நிலமற்றவரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேசச் செய்வர். நேர்மையான விலை ஒன்று முடிவாகும். அவ்விலைக்கு வங்கியிற் கடன் பெறுவர். வாங்கிய நிலத்தில் எல்லோரும் கூடிப் பயிரிட்டு, விளைச்சலிலிருந்து கடனைத் தவணையாக அடைப்பர். இதில் பிச்சையும் இல்லை, பறித்தலும் இல்லை. விற்றவர் விலை பெற்றார்; வாங்கியவர் மானத்தோடு நிலம் பெற்றார்.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இது, செய்வதற்கு அரிதாயிருந்தது. ஈடு காட்ட ஒன்றுமில்லாத ஏழைக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. பத்திரம் பதிவு செய்வதற்கான முத்திரைத்தாட் கட்டணமோ மிகுதி. அம்மையார் மனந்தளரவில்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மறுத்தவரிடத்தே மீண்டும் சென்றார். பள்ளியில் ஒரு பாடத்தைப் புரியாத மாணவனுக்குப் பத்து முறை சொல்லும் ஆசிரியரின் பொறுமையே அவருக்கு அங்குத் துணை நின்றது.

இவ்வியக்கத்தின் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. நிலம் குடும்பத் தலைவியின் பெயரிலேயே பதிவாயிற்று. அதற்குத் தக்க காரணம் இருந்தது. ஆடவன் பெயரிலுள்ள நிலம் குடிக்கோ கடனுக்கோ கைமாறிவிடக் கூடும். பிள்ளைகளின் பசியை நாள்தோறும் காண்பவளாகிய தாயோ தன் நிலத்தை எளிதில் விடாள்.

2007-ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் நிலம் இவ்வாறு கிடைத்தது. கணக்கிட்டுப் பாருங்கள், குடும்பத்திற்கு ஓர் ஏக்கர். பெருஞ்செல்வருக்கு அது சிறு துண்டு. பிறர் வயலில் நட்டுப் பழகிய கைக்கோ அது ஓர் உலகம். வயலில் வேலையில்லாத காலத்திற்குத் துணையாகப் பாய் நெய்தல், தையல், தச்சு, கொத்து வேலை முதலிய தொழில்களும் கற்பிக்கப்பெற்றன.

உப்பு நீரும் நன்செயும்

1990-க்குப் பின்னர் வேறோர் இடர் தோன்றியது. கடற்கரையை அடுத்த வயல்களில் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைகளில் தேக்கிய உப்பு நீர் அண்டை நன்செய்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் கசிந்து பரவியது. நெல் விளைந்த மண் உவர்ப்பட்டது. நடவும் அறுப்பும் குறைந்தமையால் கூலிப் பெண்டிர் பிழைப்பிழந்தனர். அம்மையாரும் கணவரும் மக்களைத் திரட்டி அறவழியிற் போராடினர். ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியிலுள்ள இறால் பண்ணைகளை அகற்றுமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்ற நிலத்தைக் காப்பதும் பெறுதலைப் போன்றே அரிய செயல் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

புகழும் பயனும்

இந்திய அரசு 1989-இல் பத்மஸ்ரீ விருதும், 2020-இல் பத்மபூஷண் விருதும் அம்மையாருக்கு வழங்கியது. 'மாற்று நோபல்' எனப் பலரும் வழங்கும் சுவீடன் நாட்டு விருதைக் கணவனும் மனைவியும் 2008-இற் பெற்றனர். ஜெகந்நாதன் 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் மறைந்தார்.

விருதுகளினும் மேலான சான்று வயல்களிலே இருக்கின்றது. ஒரு காலத்தில் அந்திப்பொழுதில் கூலி நெல்லுக்காகக் களத்து மேட்டில் காத்து நின்ற பெண், தன் பெயர் எழுதிய பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருக்கின்றாள். தன் வயலுக்கு மடை திறக்கும் நாளைத் தானே முடிவு செய்கின்றாள். அவள் மகள் பள்ளிக்குச் செல்கின்றாள்.

மாணவர்களே! எழுத்தறிவித்தல் ஆசிரியர் கடமை. எழுத்தறியும் பிள்ளையின் வீட்டில் அடுப்பெரியச் செய்தல் சமுதாயத்தின் கடமை. இவ்விரண்டும் ஒன்றே என்று கண்டு வாழ்ந்தமையே கிருஷ்ணம்மாள் அம்மையாரின் பெருமை. நாம் உண்ணும் சோற்றின் ஒவ்வொரு பருக்கையிலும் சேற்றில் நின்ற ஒரு தாயின் உழைப்பு உண்டு. அதனை மறவாது, கற்ற கல்வியைப் பிறர் துயர் துடைக்கப் பயன்படுத்துவோமாக.

வினாக்கள்

1. நடவு நடும் பெண்ணின் ஒருநாள் வாழ்வை உம் சொற்களில் எழுதுக.
2. ஊரிற் பள்ளி இருந்தும் கூலியாளின் பிள்ளைக்குப் பயன்படாமைக்குக் காரணங்கள் யாவை?
3. நிலத்தை மகளிர் பெயரிற் பதிவு செய்ததன் காரணத்தை விளக்குக.
4. இறால் பண்ணைகளால் நன்செய்க்கு நேர்ந்த கேடு யாது?