கறிவேப்பிலைச் செடியில் ஒரு ஃபீச்சர் ஃப்ளாக்



இந்த வார எபிசோடில் ஃபீச்சர் ஃப்ளாக் பற்றிப் பேசினோம். எல்லார் போனிலும் அதே ஆப், அதே கோட். ஆனா புது வசதி சிலருக்கு மட்டும்தான் தெரியும். மத்தவங்க போனிலும் அந்தக் கோட் இருக்கு, ஓடுறதுக்கு அனுமதி இல்ல, அவ்வளவுதான். சாஃப்ட்வேர்காரங்க இதைக் கண்டுபிடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு வண்ணத்துப்பூச்சி இதே ஏற்பாட்டை வச்சிருந்தது. இந்த வாரப் பாடம் அதைப் பற்றி.

ஆள் யாருன்னு பார்ப்போம்

பேர் காமன் மார்மன். அறிவியல் பெயர் பாப்பிலியோ பாலிடெஸ். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லா இடத்திலும் சாதாரணமாகப் பார்க்கலாம். அம்மம்மா வீட்டு முற்றத்தில் கறிவேப்பிலையையோ எலுமிச்சை இலையையோ யாரோ கடிச்சு வச்ச மாதிரி இருந்தால், இதன் புழு வேலையாக இருக்க நல்ல வாய்ப்பு. சின்னப் புழு பறவை எச்சம் போல இருக்கும். வளர்ந்ததும் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும்.

புழு பூச்சியானதும்தான் கதை ஆரம்பிக்குது. ஆண் பூச்சி எல்லாம் ஒரே மாதிரி: கறுப்பு இறக்கை, பின் இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கோ மூணு தோற்றம்.

- முதல் வகை: அச்சு அசலா ஆண் மாதிரியே.
- இரண்டாம் வகை: பின் இறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்பு. இது காமன் ரோஸ் என்ற வேறு இனத்தின் தோற்றம்.
- மூன்றாம் வகை: முன் இறக்கையில் வெள்ளைப் பட்டை, பின் இறக்கையில் சிவப்புப் பிறைகள். இது கிரிம்சன் ரோஸ் என்ற இன்னொரு இனத்தின் தோற்றம்.

ஒரு ஆணுக்கு விதவிதமான மனைவிகள் இருக்கிற மாதிரித் தெரிஞ்சதால், பலதார மணத்துக்குப் பேர்போன மார்மன் மதக்குழுவை வச்சு ஆங்கிலேயர்கள் கேலியாக இந்தப் பேரை வச்சாங்கன்னு சொல்றாங்க.

விஷம் இருக்கிறவர், வேஷம் போடுறவர்

ரோஸ் இனத்தை ஏன் காப்பி அடிக்கணும்? அவற்றின் புழுக்கள் சாப்பிடுற செடியின் தமிழ்ப் பேரே பதில் சொல்லிடும்: ஆடுதீண்டாப்பாளை. எதையும் மேயுற ஆடுகூடத் தொடாத செடி. அதிலுள்ள நச்சைப் புழு தன் உடம்பில் சேமிக்கும், பூச்சியான பிறகும் அது இருக்கும். ஒரு தடவை கடிச்ச பறவை அந்தச் சிவப்பையும் வெள்ளையையும் மறக்காது.

மார்மனிடம் அந்த விஷம் கிடையாது. வேஷம் மட்டும்தான். அமேசான் காட்டில் 11 வருஷம் சுத்திய ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1862-ல் இந்தத் தந்திரத்தை விளக்கி எழுதினார். அதனால் இதுக்கு பேட்ஸிய ஒப்புப்போலி என்று பேர்.

நேரில் பார்த்தால் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இறக்கையை விடுங்க, உடம்பைப் பாருங்க. ரோஸ் இனங்களின் உடம்பில் சிவப்பு இருக்கும். மார்மனின் உடம்பு கறுப்பு. வேஷம் இறக்கையோட நின்னுடுது.

இன்னொரு விஷயம். கிரிம்சன் ரோஸ் இந்தியாவிலும் இலங்கையிலும் வாழுது. அதைப் போல இருக்கிற பெண் மார்மனும் அந்தப் பக்கம்தான் கிடைக்கும், சிங்கப்பூரில் கிடைக்காது. அசல் இல்லாத ஊரில் நகலுக்கு வேலை இல்ல.

150 வருஷப் புதிர்

ஒரு காலத்தில் இந்தத் தோற்றங்களுக்குத் தனித்தனி இனம் என்றே பேர் வச்சிருந்தாங்க. எல்லாம் ஒரே இனம்தான் என்று 1865-ல் விளக்கியவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். டார்வினோடு சேர்த்துப் பேசப்படுற அதே வாலஸ். 1910-களில் ஃப்ரையர் என்ற ஆய்வாளர் இலங்கையில் இந்தப் பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த மாதிரி மகள் பிறக்குதுன்னு கணக்கு எடுத்தார். 1972-ல் கிளார்க்கும் ஷெப்பர்டும் ஒரு முடிவுக்கு வந்தாங்க: டிஎன்ஏவில் ஒரே ஒரு இடம்தான் இதைத் தீர்மானிக்குது, வேஷம் போடுற வெர்ஷன் ஓங்கு தன்மை உடையது.

இங்கதான் குழப்பம். வெள்ளைத் திட்டு, சிவப்பு ஓரம், இறக்கையின் வடிவமைப்பு என்று பல விஷயங்கள் ஒண்ணா மாறணும். ஒரே இடம் எப்படி இத்தனையையும் மாத்தும்? பல ஜீன்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கிட்டு, ஒரு பொட்டலமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகுது என்று நினைச்சாங்க. அந்தப் பொட்டலத்துக்கு சூப்பர்ஜீன் என்று பேர்.

ஒரு ஜீன், ரெண்டு வெர்ஷன்

2014-ல் பெங்களூரில் இருக்கிற கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ பல்கலைக்கழகக் குழுவும் சேர்ந்து விடையை வெளியிட்டாங்க. அந்த இடத்தில் அவங்க கண்டது டபுள்செக்ஸ் என்ற ஜீன். பூச்சி உலகத்தில் ரொம்பப் பழைய ஜீன் அது. உடம்பு ஆணாக வளரணுமா பெண்ணாக வளரணுமா என்று சொல்றதுதான் அதன் வேலை. ஒரே ஜீனிலிருந்து வர்ற செய்தியை ஆண் உடம்பு ஒரு மாதிரி வெட்டி ஒட்டும், பெண் உடம்பு வேறு மாதிரி வெட்டி ஒட்டும்.

அதாவது "இது பெண்ணா?" என்று கேட்கிற இஃப் கண்டிஷன் ஏற்கெனவே தயாரா இருந்தது. பரிணாமம் புதுசா எதையும் எழுதல. இருந்த ஃபங்ஷனையே இறக்கை நிறத்துக்கும் பயன்படுத்திக்கிட்டது.

இறக்கை முழுக்க நுண்ணிய செதில்கள். ஒவ்வொரு செதிலும் ஒரு செல்லிலிருந்து வருது, பொதுவா ஒரே நிறம். பிக்சல் மாதிரி நினைச்சுக்கோங்க. கூட்டுப்புழுவுக்குள் இருக்கும்போதே எந்தப் பிக்சல் என்ன நிறம் என்று முடிவாகிடும். டபுள்செக்ஸ் நேரடியாகச் சாயம் தயாரிக்கிறதில்ல. மற்ற ஜீன்களுக்கு "நீ ஓடு, நீ நில்லு" என்று உத்தரவு போடுற மேலாளர் அது. அதனாலதான் ஒண்ணு மாறினால் படம் முழுக்க மாறுது.

2015-ல் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு இதைச் சோதிச்சுப் பார்த்தது. வேஷம் போடுற பெண்ணின் கூட்டுப்புழுவில், ஒரு பக்க இறக்கையில் மட்டும் அந்த வெர்ஷனின் செயல்பாட்டைக் குறைச்சாங்க. அந்தப் பக்கம் வேஷம் கலைஞ்சு, ஆண் போன்ற தோற்றத்துக்குத் திரும்ப ஆரம்பிச்சது. பக்கத்தில் இருக்கிற சில ஜீன்களும் கொஞ்சம் கை கொடுக்குது என்று பிறகு வந்த ஆய்வு காட்டுது. அதனால பழைய பொட்டலக் கருத்தை முழுசாத் தூக்கிப் போடவும் முடியாது.

ஆண்களிடமும் வேஷ வெர்ஷன் இருக்கும், ஆனா ஒரு புள்ளிகூட மாறாது. அப்பாவிடம் மறைஞ்சிருக்கிறது மகளிடம் தெரியும். டிஎன்ஏ டெஸ்ட் ரிப்போர்ட் வரும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு ஜீன் வெர்ஷன் "இருக்கு" என்பது ஒரு செய்தி. எந்த உடம்பில், எப்போ, எங்க அது ஓடுது என்பது வேறு செய்தி. "உன் ஜீன்லயே இருக்கு" என்று யாராவது முடிவா சொன்னால், இந்த ஆண் மார்மனை உதாரணம் காட்டலாம்.

ரெண்டு பிரான்ச் ஏன் மெர்ஜ் ஆகல?

ஒவ்வொரு தலைமுறையிலும் அப்பா வழி, அம்மா வழி குரோமோசோம்கள் துண்டுகளை மாத்திக்கும். அப்படி நடந்தால் பாதி வேஷம், பாதி சாதா என்று ரெண்டுங்கெட்டான் பூச்சி பிறக்கணும். பறவை ஏமாறாது, பூச்சியும் பிழைக்காது.

இதைத் தடுக்கிறது ஒரு தலைகீழ்த் திருப்பம். வேஷ வெர்ஷனில் சுமார் 1,30,000 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு அப்படியே திரும்பி, பின்பக்கமிருந்து முன்பக்கமாக உட்கார்ந்திருக்கு. ரெண்டு வெர்ஷனையும் வரிசையா வச்சுப் பொருத்த முடியல, அதனால துண்டு மாற்றமும் நடக்கல. மெர்ஜ் பண்ணவே முடியாத ரெண்டு பிரான்ச் மாதிரி, ஒவ்வொண்ணும் தன் மாற்றங்களைத் தனியா சேர்த்துக்கிட்டே வந்திருக்கு.

அப்போ எல்லாப் பெண்ணும் ஏன் வேஷம் போடல?

ஏன்னா பொய் அளவோடு இருந்தால்தான் செல்லும். அசலைவிட நகல் அதிகமானால், பறவைகள் கடிக்கிறதில் பாதிக்கு மேல ருசியா இருக்கும். "சிவப்பு வெள்ளை என்றால் ஆபத்து" என்ற பாடமே அழிஞ்சிடும். அப்போ சாதா தோற்றத்துக்குப் பெரிய நஷ்டம் இல்ல. நகல் அரிதானால் மறுபடி அதுக்கு லாபம். இந்த ஊசலாட்டம் ரெண்டு வெர்ஷனையும் உயிரோட வச்சிருக்கு.

இடம் சரி, ஆள் தப்பு

கடைசியா ஒரு டீபக்கிங் கதை. இங்கிலாந்தில் புகை படிஞ்ச தொழிற்சாலைக் காலத்தில் வெள்ளை அந்துப்பூச்சி கறுப்பான கதையைப் பள்ளியில் படிச்சிருப்பீங்க. 2016-ல் அதுக்குக் காரணமான மாற்றம் கார்டெக்ஸ் என்ற ஜீனுக்குள் கிடைச்சது. அமேசான் பட்டாம்பூச்சிகளின் மஞ்சள், வெள்ளைப் பட்டைகளும் அதே இடத்தைத்தான் காட்டின. பல வருஷம் எல்லாரும் கார்டெக்ஸ் ஜீனையே காரணம் என்று நினைச்சாங்க.

2024-ல் வந்த ஆய்வுகள் வேறு கதை சொன்னது. அதே இடத்தில் புரதம் எதுவும் உருவாக்காத ஒரு ஆர்என்ஏ இருக்கு, அதுதான் கறுப்பு நிறத்தைக் கட்டுப்படுத்துது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வகம் இன்னும் ஒரு படி போய், அந்த நீள ஆர்என்ஏவிலிருந்து வெட்டி எடுக்கப்படுற ஒரு குட்டி மைக்ரோ-ஆர்என்ஏதான் உண்மையில் வேலை செய்யுதுன்னு காட்டியது. எரர் வந்த லைன் நம்பரைப் பார்த்து, அந்த லைனில் கண்ணுக்குத் தெரிஞ்ச ஃபங்ஷன்மேல பழி போட்டோம். உண்மையான காரணம் கமென்ட் என்று நினைச்சு யாரும் படிக்காத வரியில் இருந்தது.

நீங்களே போட்டுப் பாருங்க

வேஷ வெர்ஷன் "வே", சாதா வெர்ஷன் "சா". "வே" ஒண்ணு இருந்தாலே பெண் வேஷம் போடும்.

1. சாதா தோற்றமுள்ள தாய். மகள்களில் பாதி வேஷம், பாதி சாதா. அப்பாவிடம் எந்த ரெண்டு வெர்ஷன் இருக்கு?
2. அதே மாதிரித் தாய், ஆனா எல்லா மகள்களும் வேஷம். இப்போ அப்பா?
3. இந்த ரெண்டு அப்பாக்களும் பார்க்க எப்படி இருப்பாங்க?

விடை: 1) வே-சா. 2) வே-வே. 3) ஒரே மாதிரிதான். தோற்றத்தை வச்சு யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியாது, மகள்களைப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த லீவுக்கு ஊருக்கோ சிங்கப்பூருக்கோ போனால், கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே ஐந்து நிமிஷம் நில்லுங்க. கறுப்பு, சிவப்பு, வெள்ளையில் ஏதாவது பறந்தால் முதலில் உடம்பின் நிறத்தைப் பாருங்க. படம் எடுத்தால் எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!