சிறுமியின் துயரும் சங்கத்தின் கடமையும்



பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி கருவுற்றாள் என்னும் செய்தி ஒரு குடியிருப்பில் பரவுமானால், அங்கு முதலில் எழும் வினா யாது? அவளுக்கு என்ன துணை வேண்டும் என்பதன்று. குடும்ப மானம் என்னாவது என்பதே. இவ்விரு வினாக்களுள் பௌத்தருக்குரியது எது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நிக்ரோதமிருக ஜாதகத்தின் முன்வரலாறு நமக்கு வழிகாட்டுகின்றது. இராசகிருகத்துச் செல்வர் ஒருவரின் மகள், கணவனின் இசைவு பெற்றுப் பிக்குணியானாள். அப்பொழுதே கருவுற்றிருந்ததை அவள் அறியாள். வயிறு வெளிப்பட்டபோது செய்தி தேவதத்தனுக்கு எட்டிற்று. தனக்குப் பழி வருமே என்றஞ்சிய அவன், ஒன்றையும் விசாரியாமல் அவளை வெளியேற்றுமாறு சொல்லிவிட்டான். அவளோ தான் சரண் புகுந்தது புத்தரிடமே எனக் கூறி, நெடுவழி கடந்து ஜேதவனம் சேர்ந்தாள்.

பகவன் அவ்வழக்கை உபாலி தேரரிடம் ஒப்புவித்தார். பசேனதி அரசனும் அனாதபிண்டிகரும் இருந்த அவையில், உபாலி விசாகையை அழைத்தார். விசாகை திரை கட்டுவித்து, உள்ளே சென்று, நாளும் திங்களும் கணக்கிட்டு, கரு துறவுக்கு முற்பட்டதே என உரைத்தாள். பிக்குணி குற்றமற்றவள் என அவையறியத் தீர்ப்பாயிற்று. பிறந்த மகவை அரசன் வளர்த்தான். அக்குழந்தையே பின்னர் நாவன்மையிற் சிறந்த குமார காசியபர் ஆனார்.

இதிலிருந்து நாம் கற்பன மூன்று. விசாரியாமல் ஒதுக்குவது தேவதத்தன் வழி. பெண்ணின் துயரைப் பெண்ணே, திரைக்குள்ளே, கேட்டறிவது விசாகையின் வழி. பிறக்கும் குழந்தைக்கு எப்பழியும் இல்லை என்பது மூன்றாவது. தாயால் கைவிடப்பட்டு, பசுவின் பாலுண்டு பிழைத்த ஆபுத்திரனின் கையில் அமுதசுரபியை வைத்துப் போற்றிய மணிமேகலைக் காப்பியமும் இதையே உணர்த்துகின்றது.

அப்பிக்குணி மணமானவள், நாம் பேசுவதோ குழந்தையைப் பற்றி. உப்பலவண்ணை தேரி வன்செயலுக்கு ஆளானபோது, இசையாதவளுக்குக் குற்றமில்லை எனப் பகவன் தெளிவுறுத்தினார். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாதவரின் இசைவு இசைவாகவே கொள்ளப்படாது. ஆகவே ‘அவளும் உடன்பட்டாள்’ என்னும் பேச்சுக்கு நம்மிடையே இடமில்லை.

இனி, சங்கத்தார் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, மருத்துவம். இளம் உடல் பேறுகாலத்திற்கு முதிராதது. வலிப்பும் நோய்த்தொற்றும் எளிதிற் பற்றும். வன்செயலுக்கு ஆளானவருக்கு எந்த மருத்துவமனையும், தனியார் மருத்துவமனை உட்பட, கட்டணமின்றி உடனே சிகிச்சை அளிக்கச் சட்டம் பணிக்கின்றது. சிறுமியைப் பெண் மருத்துவரே சோதிக்க வேண்டும். அவள் நம்பும் ஒருவர் உடனிருக்கலாம். விசாகையின் திரை இன்று சட்டமாகவே நிற்கின்றது.

இரண்டாவது, கருவைப் பற்றிய முடிவு. 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு வழியுண்டு. காப்பாளரின் எழுத்து இசைவு வேண்டும். முதற் சீலத்தை நினைந்து கலங்குவோர் நம்முள் உண்டு. அச்சீலம் காக்கச் சொல்லும் உயிர்களுள் அச்சிறுமியின் உயிரும் ஒன்று என்பதை மறவாதிருப்போமாக. முடிவு அவளுடையது, ஆலோசனை மருத்துவருடையது. பாவம் என மிரட்டுவதும், கலைத்துவிடு என வற்புறுத்துவதும், இரண்டுக்கும் நடுவே நாள் கடத்துவதும் உபதேசியார் வேலையல்ல.

மூன்றாவது, முறையீடு. குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்கு அறிவித்தல் கடமை, மறைத்தல் குற்றம். 1098 என்னும் தொலைபேசி எண்ணில் உதவி கிடைக்கும். கருக்கலைப்பை நாடும் சிறுமியும் காப்பாளரும் வேண்டினால், மருத்துவர் தம் அறிக்கையில் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என உச்சநீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. ஆகலின் வழக்குக்கு அஞ்சி எவரும் மருத்துவமனையைத் தவிர்த்தல் வேண்டா. பஞ்சாயத்துக் கூட்டிப் பணத்தால் தீர்ப்பதும், தீங்கிழைத்தவனுக்கே அவளை மணமுடிப்பதும் கூடா. மனைவியே ஆயினும் 18 வயதுக்குட்பட்டவளைக் கூடுதல் வன்புணர்ச்சியே என உச்சநீதிமன்றம் 2017இல் உரைத்தது.

நான்காவது, பிள்ளை பிறந்தபின் காத்தல். வளர்க்க விரும்பினால் கைகொடுப்போம். இயலாதெனின் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. தாயான சிறுமி மீண்டும் பள்ளி செல்லத் துணை நிற்பதும் தானமே.

பரித்தம் ஓதுவது வேண்டாவோ? வேண்டும். பேறுகால வேதனையில் தவித்த தாயிடம் அங்குலிமாலரைப் பகவனே அனுப்பினார். ஆனால் அவர் அவள் இருக்குமிடம் சென்று ஓதினார் என்பதைக் கருதுக. விகாரையில் அமர்ந்து ஓதிவிட்டு, அவள் வீட்டு வாசலை மிதியாதிருத்தல் பரித்தமாகாது. ஒவ்வொரு சங்கமும் நம்பத்தக்க உபாசிகைகள் இருவரை இப்பணிக்கு நியமிக்கட்டும். அவர்கள் கேட்டறிந்தது வெளியே பரவாதிருக்கட்டும்.

அன்பர்களே, ஊர் நம் முன்னோரைச் சேரிக்கு ஒதுக்கியது. பிறப்பால் எவரும் இழிந்தவரல்லர் என்ற தம்மத்தைக் கேட்டே நாம் இங்கு வந்தோம். அங்ஙனம் வந்த நாமே நம் சிறுமியை ஒதுக்கினால், நம் இல்லத்துள்ளே ஒரு சேரியை உண்டாக்கியவராவோம். அவள் கதவைத் தட்டும்போது, திறப்பவர் விசாகையாக இருத்தல் வேண்டும்.